பழைய பீப்பாயில் ஒரு காற்றுச் சுழலி
செங்குத்து அச்சுக் காற்றாலை: கணக்கும் கட்டுமானமும்

காற்று எவருக்கும் விலையின்றிக் கிடைப்பது. ஆனால் காற்றிலிருந்து பெறப்படும் ஆற்றல் விலையின்றிக் கிடைப்பதன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணராமையால் ஊரகங்களில் ஆர்வத்துடன் நிறுவப்பட்ட காற்றாலைகள் பல சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்து நின்றுவிட்டன. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின்னர், கழித்துக்கட்டிய பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே சிறு காற்றாலை அமைக்கும் முயற்சிகள் உலகின் பல பகுதிகளில் பெருகின. பழைய எண்ணெய்ப் பீப்பாய், மிதிவண்டி டைனமோ, கார்ச் சக்கரத்தின் பேரிங், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைக் கொண்டே செய்துவிடக் கூடியது என்பதால் செங்குத்து அச்சுச் சுழலி மாணவர்களையும் கைவினைஞர்களையும் தனியே கவர்ந்துள்ளது.

இச்சுழலியின் தத்துவம், அதனைக் கட்டும் முறை, அதனால் கிடைக்கக்கூடிய ஆற்றலின் அளவு ஆகியவற்றைத் திருப்பதி வட்டாரத்தை நிலைக்களமாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பீப்பாயை வெட்டுவதற்கு முன் காற்றைக் கணக்கிட வேண்டும் என்பதே இதன் சாரம்.

இருவகைச் சுழலிகள்

நாம் பொதுவாகக் காணும் காற்றாலைகளில் அச்சு தரைக்கு இணையாக அமைந்திருக்கும். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ அத்திசையை நோக்கி அவை திரும்பியாக வேண்டும். செங்குத்து அச்சுச் சுழலிக்கு இத்தேவை இல்லை. காற்று எப்பக்கமிருந்து வந்தாலும் அது சுழலும். மின்னாக்கியையும் பற்சக்கரங்களையும் உயரத்தில் ஏற்றாமல் தரைக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றொரு வசதியாகும்.

செங்குத்து அச்சுச் சுழலிகளில் இரண்டு வகைகள் பெயர்பெற்றவை. பின்லாந்து நாட்டுப் பொறியாளர் சிகுர்ட் சவோனியஸ் 1920-களில் உருவாக்கியது ஒன்று. பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஜார்ஜ் டாரியஸ் அதே பத்தாண்டில் உருவாக்கியது மற்றொன்று. டாரியஸ் சுழலியின் வளைந்த மெல்லிய தகடுகள் விமான இறக்கையின் தத்துவத்தில் இயங்குகின்றன. அதன் திறன் மிகுதி. ஆயினும் அது தானே எளிதில் சுழலத் தொடங்குவதில்லை. தகடுகளின் வடிவம் துல்லியமாக அமையாவிடில் பயன் தராது. ஆகவே ஊர்ப் பட்டறையில் செய்வதற்கு ஏற்றது சவோனியஸ் சுழலியே.

ஓர் உருளையை நெடுக இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிராகச் சற்று விலக்கிப் பொருத்தினால் மேலிருந்து பார்க்கும்போது ஆங்கில எழுத்தான எஸ் போன்ற வடிவம் கிடைக்கும். காற்றை எதிர்கொள்ளும் குழிந்த பக்கம், குவிந்த பக்கத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு விசையை ஏற்கிறது. இவ்விசை வேறுபாடே சுழலியைச் சுற்றுகிறது. நடுவில் விடப்படும் இடைவெளி வழியாகக் காற்றின் ஒரு பகுதி மறு பாதியின் உட்புறத்துக்குச் சென்று அதனையும் தள்ளுவதால் திறன் சிறிது உயர்கிறது. மூடுந்துகளின் கூரைமேல் சுழலும் சில காற்றோட்டக் கருவிகளிலும் இதே அமைப்பைக் காணலாம்.

நம் நாட்டின் அனுபவம்

இந்தியாவில் காற்றாற்றல் ஆய்வு புதிதன்று. பெங்களூரிலுள்ள தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் 1960-களிலேயே நீர் இறைக்கும் காற்றாலையை வடிவமைத்தது. அதே நகரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில், ஊரகப் பகுதிகளுக்கு அறிவியலைக் கொண்டு செல்வதற்கான 'அஸ்த்ரா' என்னும் பிரிவு 1974-இல் தொடங்கப்பட்டது. அக்கழகத்தின் அறிஞர்களான எஸ். பி. கோவிந்தராஜுவும் ஆர். நரசிம்மாவும் சவோனியஸ் சுழலியை அடிப்படையாகக் கொண்ட குறைந்த விலை நீரிறைப்புக் காற்றாலையைப் பற்றி 1979-இல் ஆய்வுரை வெளியிட்டனர். உலோகத் தகட்டுக்குப் பதிலாகப் பாய்த்துணியைப் பயன்படுத்தியது அதன் சிறப்பாகும். உலோகத்தின் விலையும் எடையுமே இவ்வகைச் சுழலியின் பெருங்குறை என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

மத்திய அரசு 1982-இல் மரபுசாரா எரிசக்தித் துறையை ஏற்படுத்தியது. 1986-இல் தூத்துக்குடி, ஓகா, ரத்னகிரி முதலிய கடலோர இடங்களில் செயல்விளக்கக் காற்றுப் பண்ணைகள் அமைந்தன. அக்காலத்திலேயே, '12-பியூ-500' எனப்படும் பன்னிரு தகடுகளும் 5 மீட்டர் விட்டமும் கொண்ட நீரிறைப்புக் காற்றாலைகள் பல மாநிலங்களில் அரசின் உதவியுடன் நிறுவப்பட்டன. இடத்தேர்வில் போதிய கவனமின்மையாலும், பழுது பார்ப்போர் ஊரில் இல்லாமையாலும் அவற்றுள் பல பயன்பாட்டிலிருந்து நீங்கின. குறை பெரும்பாலும் எந்திரத்தில் இல்லை; எந்திரத்துக்கும் இடத்துக்கும் உள்ள பொருத்தத்தில்தான் இருந்தது. இப்பாடம் சிறு சுழலிக்கும் பொருந்தும்.

திருப்பதி வட்டாரத்தின் காற்று

2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்தும் நெல்லூர் மாவட்டத்திலிருந்தும் பகுதிகளைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டது. திருப்பதி நகரம் சேஷாசல மலைத்தொடரின் தென் அடிவாரத்தில் உள்ளது. திருமலையோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மலைமீது காகுலகொண்டாப் பகுதியில் தேவஸ்தானத்துக்காகப் பெரிய கிடை அச்சுக் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. அவற்றைக் கண்ணுறும் ஒருவர், அடிவாரத்துத் தெருவிலுள்ள தம் வீட்டு மாடியிலும் அதே காற்று வீசும் என்று கருதிவிடுதல் கூடாது. மலைமுகட்டில் காற்று நெருங்கி விரைவு பெறுகிறது. அடிவாரத்திலோ மலையும் மரமும் கட்டடங்களும் அதனைத் தடுக்கின்றன.

திருப்பதிக்கு அண்மையிலுள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இயங்குகிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்து அங்குள்ள பெரிய ரேடார், பல கிலோமீட்டர் உயரம் வரையிலான காற்றோட்டத்தை ஆராய்ந்து வருகிறது. வளிமண்டல ஆய்வுக்கு அவ்வளவுகள் அரியவை. ஆயினும் தரையிலிருந்து ஐந்தாறு மீட்டர் உயரத்தில் நிற்கும் பீப்பாய்ச் சுழலிக்கு வேண்டியது அச்சுழலி நிற்கும் இடத்தின் காற்றளவே. அதனை வேறெங்கிருந்தும் கடன் வாங்க இயலாது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் ராயலசீமைப் பகுதியில் காற்று வலுவாக இருக்கும். மற்ற மாதங்களில் அது தளர்ந்துவிடும். எனவே ஒரு மாத அளவீட்டைக் கொண்டு ஆண்டு முழுமைக்கும் முடிவு செய்தல் தவறாகும்.

ஆற்றல் கணக்கு

காற்றின் ஆற்றலை அறிய மூன்று அளவுகள் போதும்: காற்றின் அடர்த்தி, சுழலி மறிக்கும் பரப்பு, காற்றின் வேகம். அடர்த்தியில் பாதியைப் பரப்பாலும், வேகத்தின் மும்மடியாலும் பெருக்கினால் அப்பரப்பின் வழியே செல்லும் காற்றின் ஆற்றல் வாட் அளவில் கிடைக்கும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் எண்மடங்காகும் என்பது இதன் உட்பொருள்.

200 லிட்டர் பீப்பாயின் விட்டம் ஏறத்தாழ 57 சென்டிமீட்டர். உயரம் 88 சென்டிமீட்டர். பாதிகளை 8 சென்டிமீட்டர் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று உட்புகுமாறு பொருத்தினால் சுழலியின் விட்டம் 106 சென்டிமீட்டர் ஆகும். இரண்டு பீப்பாய்களை இரண்டு அடுக்குகளாக அமைத்தால் உயரம் 176 சென்டிமீட்டர். ஆகவே பரப்பு சுமார் 1.87 சதுர மீட்டர். இவ்வட்டாரத்தின் வெப்பநிலையில் காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.15 கிலோகிராம் எனக் கொள்வோம்.

காற்றிலுள்ள ஆற்றல் முழுவதையும் எந்தச் சுழலியாலும் எடுக்க இயலாது. கோட்பாட்டின்படி உச்ச அளவு 59.3 விழுக்காடு என ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் நிறுவினார். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடம் 1977-இல் வெளியிட்ட காற்றுக் குகைச் சோதனைகளில், நன்கு அமைந்த சவோனியஸ் சுழலி ஏறத்தாழ 25 விழுக்காடு வரை ஆற்றலைப் பெற்றது. பட்டறையில் கையால் செய்த சுழலிக்கு 15 விழுக்காடு எனக் கொள்வதே நேர்மையான மதிப்பீடாகும். அதிலும் மின்னாக்கியிலும் பேரிங்குகளிலும் ஏற்படும் இழப்புக்குப் பின் 60 விழுக்காடு மின்சாரமாகக் கிடைப்பதாகக் கொண்டால் விடைகள் வருமாறு:

நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில்: காற்றில் 29 வாட்; மின்சாரம் 2.6 வாட்.
நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில்: காற்றில் 69 வாட், மின்சாரம் 6 வாட்.
நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில்: காற்றில் 134 வாட், மின்சாரம் 12 வாட்.
நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில்: காற்றில் 232 வாட், மின்சாரம் 21 வாட்.
நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில்: காற்றில் 550 வாட், மின்சாரம் 50 வாட்.

இவ்வெண்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். நாள் முழுதும் இடைவிடாது 4 மீட்டர் வேகத்தில் காற்று வீசினாலும் கிடைப்பது 150 வாட்-மணி அளவே. ராயலசீமையின் வெயிலில் 100 வாட் சூரியப் பலகை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 வாட்-மணி தரவல்லது. பீப்பாய்ச் சுழலி வீட்டின் மின்தேவை முழுவதையும் தீர்க்கும் என்று எவரேனும் கூறினால், இக்கணக்கே அதற்கு மறுமொழியாகும்.

சராசரி வேகத்தை மட்டும் கொண்டு கணக்கிடுவதும் பொருந்தாது. ஓரிடத்தில் காற்று நாள் முழுதும் 3 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. மற்றோரிடத்தில் அரைநாள் 6 மீட்டர் வேகத்தில் வீசி, அரைநாள் ஓய்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் சராசரி ஒன்றே. ஆனால் மும்மடி விதியால் இரண்டாவது இடத்தின் ஆற்றல் முதலாவதைப் போல் நான்கு மடங்காகும். ஆகவே வேகத்தை மணிதோறும், அல்லது குறைந்தது மூன்று மணிக்கு ஒரு முறையேனும், ஓராண்டுக்குப் பதிவு செய்தல் நன்று. ஒரு பள்ளியின் மாணவர்கள் இதனைத் தம் பாடத்தின் பகுதியாகவே செய்துவிடலாம்.

கட்டும் முறை

வேண்டிய பொருள்கள்: 200 லிட்டர் பீப்பாய்கள் இரண்டு, தண்ணீர்க் குழாய் அல்லது இரும்புத் தண்டு ஒன்று, கார் ஒன்றின் முன்சக்கரக் குடமும் அதன் பேரிங்குகளும், மேல்முனைக்கு ஒரு பேரிங், தடித்த ஒட்டுப்பலகை, போல்ட், நட்டு, இழுகம்பிகள்.

முதற்கண் பீப்பாயின் வரலாற்றை அறிதல் வேண்டும். பூச்சிமருந்தோ இரசாயனமோ இருந்த பீப்பாயைத் தவிர்க்க வேண்டும். எண்ணெய் இருந்த பீப்பாயைக் கழுவிய பின்னரும் தீச்சுடரால் வெட்டுதல் ஆகாது; உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிருக்கு இறுதி விளைவிக்கக்கூடும். தண்ணீர் நிரப்பி வைத்துப் பின் வடித்து, உளியாலோ வெட்டுக்கத்தரியாலோ பிளப்பதே பாதுகாப்பான முறை.

பீப்பாயை நெடுக இரண்டு சம பாதிகளாகப் பிளந்து, வெட்டிய விளிம்புகளை மடித்துத் தட்டிவிட வேண்டும். ஒட்டுப்பலகையில் 117 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூன்று வட்டங்களை வெட்டிக்கொள்க. ஒன்று அடியிலும், ஒன்று இரு அடுக்குகளுக்கிடையிலும், ஒன்று உச்சியிலும் அமையும். சுழலியின் விட்டத்தைவிட வட்டப்பலகை பத்தில் ஒரு பங்கு பெரியதாக இருப்பதால் காற்று மேலும் கீழும் நழுவிச் செல்வது குறைகிறது.

ஓர் அடுக்கில் இரு பாதிகள் போதும். மூன்று பாதிகளை வைத்தால் சுழற்சி சீராகும். ஆனால் திறன் குறையும் என்பதைச் சாண்டியா சோதனைகள் காட்டின. உட்புகும் அளவு பாதியின் விட்டத்தில் 10 முதல் 15 விழுக்காடாக இருத்தல் நலம் என்பதும் அச்சோதனைகளின் முடிவே. மேலடுக்கைக் கீழடுக்குக்குச் செங்கோணத்தில் திருப்பி அமைக்க வேண்டும். ஓர் அடுக்கு காற்றுக்கு ஏலாத நிலையில் நிற்கும்போது மற்றது தள்ளுதலை ஏற்பதால் சுழலி எந்நிலையிலிருந்தும் தானே இயங்கத் தொடங்கும்.

பீப்பாய் ஒன்றின் எடை 18 முதல் 20 கிலோகிராம் வரை இருக்கும். பலகைகளும் தண்டும் சேர்ந்த முழு எடையையும் அடிப் பேரிங்கே தாங்குகிறது. சாதாரணப் பேரிங் பக்கவாட்டு விசையைத் தாங்குமேயன்றி, நெடுநாள் மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்காது. கார்ச் சக்கரக் குடத்திலுள்ள கூம்பு உருளைப் பேரிங்குகள் இருவகை விசையையும் ஏற்பவை. ஆகவே அடியில் அவற்றைப் பொருத்த வேண்டும். கட்டி முடித்ததும், நிமிர்த்தி நிறுத்துவதற்கு முன், தண்டைக் கிடையாகத் தாங்கிச் சுழலியைக் கையால் மெல்லச் சுழற்றிவிட்டுப் பார்க்க, ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அப்பக்கம் எடை மிகுந்துள்ளது என்பது பொருள். எதிர்ப்பக்கத்தில் சிறு எடை சேர்த்துச் சமன் செய்தல் இன்றியமையாதது.

மின்னாக்கியைத் தெரிந்தெடுத்தல்

பழைய காரின் மின்னாக்கியை இச்சுழலியுடன் இணைப்பது பலரும் செய்யும் முதல் முயற்சி. அது பயன் தருவதில்லை. நொடிக்கு 5 மீட்டர் காற்றில் நம் சுழலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 சுற்றுகளே சுற்றும். கார் மின்னாக்கியோ ஆயிரம் சுற்றுகளை எட்டினால்தான் மின்னேற்றம் செய்யத் தொடங்கும். பற்சக்கரங்களால் வேகத்தைப் பெருக்கினாலும் மற்றொரு தடை உண்டு. அம்மின்னாக்கியில் காந்தப்புலத்தை உண்டாக்கவே 25 முதல் 35 வாட் வரை செலவாகும். சுழலி தருவதோ 20 வாட். வரவைவிடச் செலவு மிகுந்த வாணிகம் இது.

நிலைக்காந்தம் கொண்ட மின்னாக்கியே ஏற்றது. கற்போருக்கு மிதிவண்டி டைனமோ எளிய வழியாகும். மேற்குறித்த 5 மீட்டர் காற்றில் வட்டப்பலகையின் விளிம்பு மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. இது மிதிவண்டிச் சக்கரத்தின் வேகமே. எனவே அடிப்பலகையின் விளிம்பில் பழைய டயர்த் துண்டை ஒட்டி, டைனமோவின் உருளையை அதன்மீது அழுந்தச் செய்தால் வேறு பற்சக்கரம் எதுவும் தேவையில்லை. 6 வோல்ட், 3 வாட் டைனமோ ஒன்று, நான்கு டையோடுகள், ஒரு சிறு மின்கலம், ஓர் எல்.இ.டி. விளக்கு ஆகியவை போதும். 3 வாட் எல்.இ.டி. விளக்கு, பழைய 25 வாட் இழை விளக்குக்குக் குறையாத ஒளி தரும். ஒரு மாணவர் படிக்க அது போதுமானது.

மின்கலம் மட்டும் பழையதாக இருத்தல் ஆகாது. காரில் ஆயுள் முடிந்த மின்கலம் தனக்குள்ளேயே மின்னேற்றத்தை இழந்துகொண்டிருக்கும். சுழலி தரும் சிறு வரவை அதுவே விழுங்கிவிடும்.

நீர் இறைக்க இயலுமா?

5 மீட்டர் காற்றில் சுழலி தரும் 20 வாட்டில் பாதி நீரை உயர்த்தப் பயன்படுவதாகக் கொள்வோம். 10 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து மணிக்குச் சுமார் 360 லிட்டர் இறைக்கலாம். கால்நடைகளுக்கும் நாற்றங்காலுக்கும் அது உதவும். ஆனால் நீர்மட்டம் 100 மீட்டருக்குத் தாழ்ந்துவிட்டால் அதே காற்றில் கிடைப்பது 36 லிட்டரே. பழைய சித்தூர் மாவட்டப் பகுதிகள் பலவற்றில் திறந்த கிணறுகள் வறண்டு, உழவர்கள் ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழ்கின்றனர். கிணற்று நீர் எட்டும் தொலைவில் இருந்தால் மட்டுமே சிறு காற்றாலை நீரிறைப்புக்குப் பொருந்தும். ஆகவே நிலத்தடி நீரைக் காக்கும் பணி காற்றாலைத் திட்டத்துக்கும் முற்பட்ட பணியாகும்.

இடமும் பாதுகாப்பும்

மரம், கட்டடம் முதலிய தடைகளின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தொலைவில் சுழலியை நிறுத்த வேண்டும். அது இயலாவிடில் தடையின் உயரத்தைப் போல் இருமடங்கு உயரத்தில் நிறுத்த வேண்டும். வீட்டுக் கூரைமீது பொருத்துதல் தவிர்க்கத்தக்கது; இடைவிடாத அதிர்வு சுவரைத் தளர்த்தும்.

சவோனியஸ் சுழலி மெதுவாகச் சுழல்வது. எனவே ஆபத்தற்றது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலில் தோன்றும் புயல்களின் தாக்கம் இவ்வட்டாரத்தையும் எட்டுவதுண்டு. நொடிக்கு 30 மீட்டர் வேகக் காற்றில் நம் சுழலியின்மீது 100 கிலோகிராம் எடைக்கும் மேற்பட்ட விசை பக்கவாட்டில் தாக்கும். பாய்த்துணியைச் சுருட்டி வைக்கலாம். பீப்பாயைச் சுருட்ட இயலாது. ஆகவே நான்கு திசைகளிலும் இழுகம்பிகளும், கற்காரை அடித்தளமும், சுழற்சியை நிறுத்திப் பூட்டும் அமைப்பும் வேண்டும். குழந்தைகள் அணுகாதவாறு வேலியும் தேவை.

எவருக்கு ஏற்றது?

இதுகாறும் கூறியவற்றால், பீப்பாய்ச் சுழலி பயனற்றது என்று முடிவு செய்தல் கூடாது. பரப்பு, வேகம், விசை, திறன், இழப்பு என்னும் இயற்பியல் பாடங்கள் அனைத்தையும் ஒரே கருவியில் தொட்டுக் காட்டும் ஆய்வுக்கூடம் அது. பல்தொழில்நுட்பப் பயிலகங்களுக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அது மிகவும் உகந்தது. திறந்த வெளியில், காற்று வளமுள்ள மேட்டில், மின்கம்பி எட்டாத ஆட்டுப்பட்டிக்கோ காவற் குடிசைக்கோ ஒரு விளக்கை அது ஏற்றித் தரும். சூரியப் பலகை உறங்கும் இரவிலும் மழைமூட்டத்திலும் அதற்குத் துணைநிற்கும்.

எனினும் பொதுப் பணத்தில் இதனை நிறுவ முற்படும் அலுவலர் நான்கு வினாக்களுக்கு விடை பெற்றாக வேண்டும். அவ்விடத்தில், அவ்வுயரத்தில் ஓராண்டுக் காற்றளவு எடுக்கப்பட்டதா? கிடைக்கும் வாட் அளவு எந்தக் குறிப்பிட்ட தேவையை நிறைவேற்றும்? அதே செலவில் சூரியப் பலகை அதைவிட மிகுதியாகத் தருமா? பேரிங் தேய்ந்தால் மாற்றித் தரும் கைவினைஞர் அவ்வூரிலேயே உள்ளாரா? இவற்றுக்கு விடை கிடைக்காத இடத்தில் சுழலியை நிறுவினால், சில ஆண்டுகளில் அது ஊர் நடுவே ஒரு துருப்பிடித்த தூணாக நிற்கும். அதனைக் கண்ட மக்கள், பின்னர் வரும் நல்ல திட்டத்தையும் ஐயத்துடனேயே நோக்குவர். அந்த நம்பிக்கை இழப்பை எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்க இயலாது.